மூன்று வருடக் கணக்கு

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் வட்டாரத்தில் நூறு வருடங்களுக்கு முன்பு ஒரு நகரத்தார் வீட்டுப் பையனுக்கு மீசை அரும்பும் முன்பே அவன் போகவேண்டிய ஊர் ஏறக்குறைய முடிவாகியிருக்கும். ரங்கூன், மோல்மேன், பினாங்கு, ஈப்போ, சிங்கப்பூர், மேடான், சைகோன், கொழும்பு. தகப்பனார் ஏதாவது ஓர் ஊரில் இருப்பார், சித்தப்பா இன்னொன்றில். பையன் திண்ணையில் உட்கார்ந்து கீழ்வாயிலக்கம் படித்துக்கொண்டிருப்பான். முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒரு பங்கு. அதிலிருந்து தொடங்கி அரைக்காணி, காணி, மா என்று மேலேறி, இத்தனை ரூபாய்க்கு இத்தனை நாளைக்கு என்ன வட்டி என்று கேட்டால் காகிதம் தொடாமல் சொல்லத் தெரியவேண்டும். அது தெரிந்துவிட்டால் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கப்பலேறலாம். முருகப்பா குழுமத்துக்கு வேர்விட்ட அ.மு. முருகப்பச் செட்டியார் சிறுவயதிலேயே பர்மாவுக்குத் தொழில் பழகப் போனவர்தான். அவர்கள் குடும்பத்தின் வட்டித் தொழில் 1900இல் மோல்மேனில் தொடங்கியது.

நாட்டுக்கோட்டை நகரத்தார் எனும் செட்டியார்கள் கடல் கடந்து போனதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தப் பணத்தில் எழுந்த வீடுகளைப் பற்றியே அதிகம் பேசுகிறார்கள். பர்மாத் தேக்குத் தூண், இத்தாலியச் சலவைக்கல், முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு. பார்க்கவேண்டிய வீடுகள்தான். ஆனால் அந்த வீடுகளைவிட வியப்பானது, ஒரு மனிதனை அந்நிய தேசத்துக்கு அனுப்பி, அங்கே வேலை வாங்கி, கெடாமல் திருப்பி அழைத்துக்கொள்ள அவர்கள் வகுத்து வைத்திருந்த ஏற்பாடு. ஏறத்தாழ நூறு வருடங்கள் அது ஓடியது.

ஏற்பாட்டின் நடுவில் இருந்தது சம்பளச் சீட்டு. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். அவருடைய கடை பர்மாவில் ஐராவதி டெல்டாவின் ஏதோ ஒரு சிற்றூரில் இருக்கும். அதை நடத்தப் போகிற ஏஜெண்டோடு மூன்று வருடத்துக்குச் சீட்டு எழுதிக்கொள்வார். சம்பளத்தில் பெரும்பகுதி பெரும்பாலும் கப்பலேறும் முன்பே கைக்கு வந்துவிடும். முடிவில் லாபத்தில் ஒரு பங்கும் உண்டு. முன்பணம் வாங்கியவன் அதில் ஒரு பகுதியை வீட்டுச் செலவுக்கு வைத்துவிட்டு, மிச்சத்தை நம்பிக்கையான இடத்தில் வட்டிக்குப் போடுவான். அவன் வெளிநாட்டில் உழைக்கும் மூன்று வருடமும் அவன் பணமும் சேர்ந்து உழைக்கும். அங்கே சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் கடைச் செலவு. மூன்று வருடம் முடிந்ததும் புது ஏஜெண்டு வருவான். பழையவன் பேரேட்டையும் பாக்கிகளையும் ஒப்புவித்து, எந்தக் கடனாளி எப்படிப்பட்டவன் என்று நேரில் காட்டிக்கொடுத்து, ஐந்தொகை எழுதி முடித்துவிட்டு ஊர் திரும்புவான். ஊரில் ஒன்றிரண்டு வருடம் இருப்பான். கல்யாணம், பிள்ளைப்பேறு, வீட்டு வேலை, கோயில் வேலை எல்லாம் அந்த இடைவெளியில்தான். பிறகு அடுத்த சீட்டு.

கடையில் மேலாள் என்றால் ஏஜெண்டு. அவருக்குக் கீழே அடுத்தாள். அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். ஒரு சமையற்காரர். பெட்டியடியில் உட்காரும் பையன் கூட்டுவான், தண்ணீர் எடுப்பான், தபால் கொண்டுபோவான், கடனாளிகளைத் தேடிப் போவான். இதற்கிடையில் பர்மியமோ மலாயோ அவன் காதில் ஏறிவிடும். எழுதப் படிக்கத் தேவையில்லை, பேரம் பேசவும் முகம் பார்த்து ஆளை எடைபோடவும் போதுமான பேச்சு வந்தால் சரி. கணக்கு மட்டும் எந்த நாட்டிலும் தமிழில்தான், தமிழ் எண்களில்தான். கணக்கைத் திருத்தினாலோ கையாடினாலோ அந்தச் செய்தி அடுத்த தபாலில் ஊருக்குப் போய்விடும். அப்புறம் அவனுக்குச் சீட்டு எழுத எந்த முதலாளியும் வரமாட்டார். அவன் பிள்ளைக்குப் பெண் கிடைப்பதும் கஷ்டம். ஒன்பது கோயில்களுக்குள் அடங்கிய சின்ன சமூகம் அது. நீதிமன்றத்தைவிட அந்தப் பயம் வலுவாக வேலை செய்தது.

போகிறவர் வீடு வீடாகச் சென்று பயணம் சொல்லிக்கொள்வார். பெரியவர்கள் காலில் விழுந்து திருநீறு வாங்கிக்கொள்வார். சென்னையிலிருந்து ரங்கூனுக்கும் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பி.ஐ. கம்பெனிக் கப்பல்கள் ஓடின. 1926இல் ஓடத் தொடங்கிய ரஜூலா ஐம்பது வருடத்துக்குச் சற்றுக் குறைவாக இந்த வழியில் ஆட்களை ஏற்றி இறக்கியது. தென்கிழக்காசியத் தமிழ்க் குடும்பங்களில் அந்தப் பெயரைக் கேள்விப்படாத பெரியவர்கள் குறைவு.

பர்மா ஏன் இத்தனை பேரை இழுத்தது என்பதற்கு விடை அங்கிருந்த சேற்றில் இருக்கிறது. 1826இல் அரக்கானையும் தெனாசரிமையும் பிடித்த ஆங்கிலேயர்கள் 1852இல் ரங்கூனையும் ஐராவதி டெல்டாவையும் பிடித்தார்கள். டெல்டா அப்போது பெரும்பாலும் காடும் சதுப்புமாக இருந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவுக்கு அரிசி அனுப்புவது எளிதாயிற்று. மேல் பர்மாவிலிருந்து விவசாயிகள் இறங்கிவந்து காட்டை வெட்டி வயலாக்கினார்கள். வெட்டிய முதல் வருடங்களில் விளைச்சல் வராது. மாடு வாங்க, கூலி கொடுக்க, அறுவடை வரை சாப்பிடப் பணம் வேண்டும். ஆங்கிலேய வங்கிகள் அந்தச் சேற்றுக்குள் கால் வைக்கவில்லை. செட்டியார் வைத்தார். வங்கிகள் ரங்கூனில் செட்டியாருக்குக் கடன் கொடுத்தன, செட்டியார் கிராமத்தில் விவசாயிக்குக் கொடுத்தார். 1850களின் நடுவில் கீழ் பர்மாவில் பத்து லட்சம் ஏக்கருக்கும் குறைவாக இருந்த நெல் சாகுபடி 1930களில் ஒரு கோடி ஏக்கரை நெருங்கியது. உலகத்திலேயே அதிக அரிசி ஏற்றுமதி செய்கிற நாடாக பர்மா ஆனது.

1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவை போட்டிருந்த பணம் சுமார் 75 கோடி ரூபாய். கீழ் பர்மாவில் எந்த விவசாயியும் ஒரு நாள் பயணத்துக்குள் ஒரு செட்டியார் கடையை எட்டிவிடலாம் என்கிற நிலை. அடுத்த வருடக் கணக்கெடுப்பில் ரங்கூன் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள். துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர், கடைவீதியில் குஜராத்தியர், அலுவலகங்களில் வங்காளிகள், முகல் தெருவில் செட்டியார்கள். வெளிநாட்டுக்கு வந்திருக்கிறோம் என்ற நினைப்பே மங்கிப்போகிற அளவுக்கு அது இந்திய நகரமாக இருந்தது.

அந்த நகரத்தில் செட்டியார்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைச் சிங்கப்பூர், பினாங்குக் கிட்டங்கிகளின் வழியாகத்தான் இன்றைக்கு நன்றாகத் தெரிந்துகொள்ள முடிகிறது. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் வரிசையாகக் கிட்டங்கிகள் இருந்தன. நீளமான ஒரு கூடம். உள்ளே நுழைந்தால் இரண்டு பக்கமும் மரப்பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் ஒரு பாய், சாய்வான சின்ன எழுத்துமேசை. அந்தச் சில அடி இடம்தான் ஒரு கடை. ஒரே கூடத்தில் பத்து இருபது கடைகள் இருக்கும். பகலில் அந்த இடத்தில் சீனச் சுரங்க முதலாளியும் ரப்பர்த் தோட்டக்காரரும் உட்கார்ந்து கடன் பேசுவார்கள். இரவில் அதே இடத்தில் பாயை விரித்து ஏஜெண்டு படுத்துக்கொள்வார். குளிக்கப் பொதுத் தொட்டி, சாப்பிடப் பொதுச் சமையல். பின்கட்டில் ஊர்ச் சமையற்காரர் ஊர்க் குழம்பு வைத்துக்கொண்டிருப்பார். லட்சக்கணக்கில் புழங்கியவர்களிடம் தனி அறை என்ற ஒன்றே இல்லை. தனிமை இல்லாத இடத்தில் தப்பு செய்வதும் கடினம். ஒருவர் கணக்கில் தடுமாறினால் பக்கத்துப் பாய்க்காரருக்குத் தெரிந்துவிடும், குடிக்கப் போனால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். காய்ச்சலில் விழுந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்கவும் அதே பக்கத்துப் பாய்க்காரர்தான் இருந்தார்.

போன ஊரிலெல்லாம் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினார்கள். சிங்கப்பூர் டாங்க் ரோடு கோயில் 1859இல் எழுந்தது. சைகோனிலும் மோல்மேனிலும் மேடானிலும் கட்டினார்கள். பினாங்குத் தைப்பூசத்துக்கு ஓடும் வெள்ளித்தேர் காரைக்குடியில் செய்து 1894இல் கப்பலில் போனது. பக்தி அதில் உண்மை, அதில் சந்தேகம் வேண்டாம். அந்தக் கோயிலே அவர்களுடைய வங்கிகளின் பொது அவையாகவும் இருந்தது. ரங்கூன் கோயிலில் மாதந்தோறும் கூடி, தங்களுக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கு நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். ஒவ்வொரு கடையும் கோயிலுக்கு மாகமை கொடுத்தது. ஒரு கடை நொடிக்கிற மாதிரி இருந்தால் பெரியவர்கள் கோயிலில் உட்கார்ந்து பேசித் தூக்கி நிறுத்தினார்கள், அல்லது எல்லோருக்கும் சேதம் குறைவாக முடித்து வைத்தார்கள். புதிதாக வந்திறங்கிய பையனுக்கு அந்நிய ஊரில் முதல் விலாசம் கோயில்தான்.

இவ்வளவு கவனமாகக் கட்டிய ஏற்பாட்டில் பெண்களுக்கு இடமே கிடையாது. மனைவியை அழைத்துப் போகும் வழக்கம் நெடுங்காலம் இல்லை. கல்யாணமான தம்பதியைத் தனி அடுப்பு வைத்து ‘வேறு வைப்பது’ நகரத்தார் வழக்கம். வீட்டின் நடு முற்றமான வளவைச் சுற்றியிருக்கும் அறைகளில் ஒன்று அவர்களுக்கு. ஒரே கூரையின் கீழே மாமியாருக்கு ஒரு சமையல், மருமகளுக்கு ஒரு சமையல், அவரவர் வரவு செலவு அவரவருக்கு. வெளியார் கண்ணுக்கு விசித்திரமாகத் தெரியும் இந்த வழக்கம் கணவன் மூன்று வருடம் ஊரில் இல்லாத பெண்ணுக்குப் பெரிய பாதுகாப்பு. அவளுக்கென்று ஒதுக்கிய பணம் அவள் கையில் இருக்கும். நெல் வாங்குவது, சீதனப் பணத்தை வட்டிக்குக் கொடுப்பது, கட்டுமான வேலையை மேற்பார்ப்பது, பெண் பார்த்துப் பேசி முடிப்பது எல்லாம் ஆச்சிமார் கையில். வட்டி கணக்குப் போடுவதில் ஆண்களுக்குச் சளைக்காத ஆச்சிமார் அந்தப் பக்கத்தில் ஏராளம்.

ஆனால் இருபதில் கல்யாணம் ஆனவர் ஐம்பதில் ஓய்ந்து ஊரில் உட்காரும்போது, அந்த முப்பது வருடத்தில் பாதிக்கு மேல் மனைவியோடு வாழ்ந்திருக்கமாட்டார். அப்பச்சியை, அதாவது தகப்பனாரை, பிள்ளைகள் கடிதத்தில்தான் அறிந்திருப்பார்கள். வந்து இறங்குகிற அன்று யாரோ ஒரு புதியவரைப் பார்ப்பதுபோலத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் குழந்தைகளைப் பற்றி அநேகமாக எல்லாக் குடும்பங்களிலும் ஒரு கதை இருக்கிறது. போன நாட்டிலேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டவர்களும் உண்டு. பர்மியத் தாய்க்குப் பிறந்த பிள்ளைக்குக் கோயிலில் புள்ளி, அதாவது சமூகக் குடும்பமாக எண்ணப்படும் உரிமை, கிடையாது. தகப்பன் ஊர் திரும்பியபின் அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பது எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. செட்டிநாட்டு வீடுகளின் அழகைச் சொல்லும் கட்டுரைகள் இந்த இரண்டு வகைப் பெண்களையும் கூடவே நினைத்துப் பார்க்கவேண்டும்.

போனவர் போனபடியே திரும்பவேண்டும் என்பதுதான் ஏற்பாட்டின் முழு நோக்கம். வேட்டி, திருநீறு, ஊர்ச் சாப்பாடு, தமிழ்க் கணக்கு எதுவும் மாறக்கூடாது. தொழில் செய்யும் நாடு சம்பாதிக்கும் இடம், வாழும் இடம் ஊர். தனி மனிதனைக் காப்பாற்றுவதில் இது அபாரமாக வேலை செய்தது. அதே காரணத்தால் அந்த நாட்டில் அவர்களுக்கு ஓர் உறவும் முளைக்கவில்லை. நாற்பது வருடம் ஒரே ஊரில் இருந்த கடைக்குக்கூட மூன்று வருடத்துக்கு ஒருமுறை முகம் மாறியது. பர்மிய விவசாயிக்குக் கடை பழகிய இடம், கடைக்காரர் எப்போதும் புதிய மனிதர்.

நல்ல காலத்தில் அது உறுத்தவில்லை. 1930இல் உலகமெங்கும் விலை சரிந்தபோது பர்மா நெல் பாதி விலைக்கும் கீழே போனது. விவசாயியால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. செட்டியாருக்கு நிலம் வேண்டியதில்லை, அவர் தொழிலுக்குச் சுழலும் பணம்தான் உயிர். ஆனால் அடமானத்தில் இருந்தது நிலம், வந்து சேர்ந்ததும் நிலம். முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் அவர்கள் கையில் இருந்தது சாகுபடி நிலத்தில் 6 சதவீதம். 1938க்குள் அது 25 சதவீதம், ஏறக்குறைய 25 லட்சம் ஏக்கர். காட்டை வெட்டி வயலாக்கிய குடும்பம் அதே வயலில் குத்தகைக்காரனாக நின்றது. குத்தகை வாங்கிப்போனவர் இன்னும் இரண்டு வருடத்தில் கப்பலேறப்போகிறவர். அந்தக் கோபத்தை ‘இனவெறி’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாது. செட்டியார் கடன் கொடுத்திராவிட்டால் டெல்டா இவ்வளவு விரிந்திருக்காது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

1930இல் ரங்கூன் துறைமுகத்தில் இந்தியக் கூலிகளுக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. அந்த வருடக் கடைசியில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ந்தார்கள். 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்து தனி நிர்வாகம் ஆனது. அதற்கடுத்த வருடம் மறுபடி கலவரம். தொலைநோக்கு உள்ள சிலர் அதற்குள் பணத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். முருகப்பா குடும்பம் முதலை இந்தியாவுக்குக் கொண்டுவந்து இங்கே தொழிற்சாலைகளில் போட்டது. மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் வேறொரு வழி கண்டார். 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறந்தார். ஏஜெண்டும் பெட்டியும் செய்த வேலையை நவீன வங்கியின் கிளைகளைக் கொண்டு செய்யும் முயற்சி அது. மற்றப் பெரும்பாலோரின் பணம் நிலமாக உறைந்துவிட்டது. நிலத்தைக் கப்பலில் ஏற்ற முடியாது.

1941 டிசம்பர் 23இல் ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மேல் குண்டு போட்டன. மறு மார்ச்சில் நகரம் விழுந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும், தமு கடந்து மணிப்பூர் வழியாகவும் மலைகளில் நடந்தார்கள். நாலைந்து லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே காலராவுக்கும் மலேரியாவுக்கும் பசிக்கும் இறந்தார்கள். நடந்து வந்தவர்களில் அதிகமும் கூலித் தொழிலாளர்கள். செட்டியார்கள் சொத்தை இழந்தார்கள். தொழிலாளர்கள் உயிரை இழந்தார்கள். பர்மா இழப்பு என்றால் தமிழில் முதல் வகை மட்டும் நினைவுக்கு வருவது நியாயமில்லை.

யுத்தம் முடிந்து சிலர் திரும்பிப் போனார்கள். 1948இல் சுதந்திர பர்மாவின் நில தேசியமயச் சட்டம் வந்தது. 1963இல் நெ வின்னின் ராணுவ அரசு வங்கிகளை எடுத்துக்கொண்டது, மறு வருடம் கடைகளை. அதன்பின் வந்த சில வருடங்களில் சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வந்தார்கள். 1969இல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே அவர்களுக்காக எழுந்ததுதான் பர்மா பஜார்.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கதை வேறு விதமாகத் திரும்பியது. நாவலாசிரியர் ப. சிங்காரம் இளைஞராக இந்தோனேசியாவின் மேடானுக்கு வேலைக்குப் போனவர். யுத்தத்தை அங்கேதான் கண்டார். அவருடைய ‘கடலுக்கு அப்பால்’ நாவலில் பினாங்குக் கடையில் அடுத்தாளாக இருந்த செல்லையா யுத்தக் காலத்தில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து போராடித் திரும்புகிறான். துப்பாக்கி பிடித்த கை இனி வட்டிக்கடைக்கு ஆகாது என்று முதலாளி நினைக்கிறார், பெண் கொடுக்க மறுக்கிறார். போனபடியே திரும்பவேண்டும் என்ற பழைய நிபந்தனை எந்த இடத்தில் உடைந்தது என்பதை அந்த நாவலைவிடத் துல்லியமாகச் சொன்ன எழுத்து தமிழில் இல்லை. ஜப்பானியர் காலத்தில் மூன்று வருடச் சீட்டில் வந்தவர்கள் நாலைந்து வருடம் ஊர்ச் செய்தியே இல்லாமல் சிக்கிக்கொண்டார்கள். மரவள்ளிக்கிழங்கு தின்றார்கள், தோட்டம் போட்டார்கள், பக்கத்துச் சீனரோடும் மலாய்க்காரரோடும் முதல்முறையாக வெறும் அண்டைவீட்டுக்காரராகப் பழகினார்கள்.

ஏற்பாட்டை இறுதியாக முறித்தது சட்டம். 1953இல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நடைமுறைக்கு வந்த புதிய குடியேற்ற விதிகள், ஆள்மாற்றி ஆள் அனுப்புவதை ஏறக்குறைய முடியாததாக்கின. இருப்பவர் தங்கிவிடவேண்டும் அல்லது கடையைக் கட்டவேண்டும். தங்க முடிவு செய்தவர்கள் முதல்முறையாக மனைவியையும் பிள்ளைகளையும் கப்பலில் வரவழைத்தார்கள். கிட்டங்கிப் பாயில் குடும்பம் நடத்த முடியாது, அதனால் தனி வீடு எடுத்தார்கள். ஆச்சிமார் சந்தைக்குப் போய் மலாய் பேசக் கற்றார்கள். பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்தார்கள். படித்து முடித்தவர்கள் பெட்டிக்கு முன்னால் உட்கார விரும்பவில்லை. மருத்துவர், கணக்காளர், ஆசிரியர், அரசு ஊழியர் என்று பிரிந்து போனார்கள். 1970களின் பிற்பகுதியில் மார்க்கெட் தெருவின் பழைய கட்டடங்கள் நகர மறுசீரமைப்புக்காகக் காலி செய்யப்பட்டபோது அங்கே பெட்டி போட்டிருந்தவர்கள் வயதானவர்கள். அவர்களிடம் பேரேட்டை ஒப்புக்கொள்ள ஊரிலிருந்து யாரும் வரப்போவதில்லை. மகன்கள் அதே நகரத்தில் வேறு வேலையில் இருந்தார்கள்.